ஒரு சாண் நீளக் கார்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நடுவிமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்தமுறை சுற்றுமதில் ஓரமாக மெதுவாக நடந்து பாருங்கள். அங்கே வரிசையாக 58 சிறு சன்னதிகள். ஒவ்வொன்றும் தலையில் சிகரம் தாங்கித் தனிக்கோயில் போலவே நிற்கும். 1,300 ஆண்டுகளுக்கு முன் இவற்றை எழுப்பிய பல்லவச் சிற்பிகள் கோயிலின் உருவத்தைச் சுருக்கினார்கள். மணற்கல்லின் மணியைச் சுருக்க அவர்களாலும் முடியவில்லை. பெரிய விமானத்திலும் சின்னச் சன்னதியிலும் அதே மணிதான்.

உருவம் சுருங்கும், பொருள் சுருங்காது. மாடல் கார் கட்டுகிறவர்கள் இரவெல்லாம் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

நான் சொல்வது சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையை அல்ல. அசல் காரின் ஒவ்வொரு அளவையும் 25-ஆல் வகுத்துச் செய்த பாலிஸ்டைரீன் பாகங்கள் ஒரு பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துக் காராக்குவது நம் பொறுப்பு. அமெரிக்காவில் கார் விற்பனைக் கடைகளுக்காகச் செய்த சிறு மாதிரிகளிலிருந்து வளர்ந்த கலை இது. 1948-இல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம் 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கார்களை விற்கத் தொடங்கியது. 25-இல் ஒரு பங்கு என்ற அளவு அங்கே நிலைத்துவிட்டது.

இவற்றில் அதிகம் விரும்பிக் கட்டப்படுபவை ‘மசில் கார்’கள். நடுத்தர உடம்பில் மிகப்பெரிய எஞ்சினைப் பொருத்தியவை. 1964-இல் வந்த போண்டியாக் ஜிடிஓவில் இருந்தது 6.4 லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர், 325 குதிரைத்திறன். அதே காலத்தில் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர். இன்சூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்தே ஆண்டில் அந்த வகையை முடித்துவைத்தன. அசல் கார் ஓய்ந்தது, மாதிரி ஓயவில்லை.

அமெரிக்கக் கார் நமக்கு ஒன்றும் தூரத்துச் சொந்தமல்ல. செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமாகும்வரை ஃபோர்டின் மறைமலை நகர் ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. 2022-இல் அங்கே உற்பத்தி நின்றது.

கணக்குக்கு வருவோம். ஜிடிஓவின் நீளம் சுமார் 5.15 மீட்டர். 25-ஆல் வகுத்தால் 20.6 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. எடை அப்படி வகுபடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 25-ஐ மூன்று முறை பெருக்கி, 15,625-ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட கார், அசல் இரும்பாலேயே செய்தாலும் 100 கிராம்தான் இருக்கும்.

சிக்கல் பெயின்டில் தொடங்குகிறது. அசல் காரின் பெயின்ட் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மாதிரியில் அது 25 மடங்கு மெல்லியதாக, 4 மைக்ரானாக இருக்க வேண்டும். எவ்வளவு நிதானமான கைக்கும் அது எட்டாது. அதனால்தான் தடிப்பாக அடித்த மாதிரியில் கதவிடுக்குகள் அடைபட்டு, கார் சர்க்கரைப்பாகில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒரே பூச்சாக அடிக்காமல் மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மினுங்கும் நிறங்கள் இன்னும் மோசம். அசல் பெயின்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள் 30 மைக்ரான் என்று வையுங்கள். அதையே மாதிரியில் அடித்தால் முக்கால் மில்லிமீட்டர்த் துகளாகக் கண்ணுக்குப் படும். கார் முழுக்க ஜிகினா தூவியதுபோல் இருக்கும்.

பளபளக்கும் குரோம் பட்டைகளுக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடிப்பவர்கள் தோற்பதும் இதனால்தான். இதைப் பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக்காரருக்கு விளக்கவே வேண்டாம். பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் ஏற்றியதுதான் சரிகை. மஞ்சள் சாயம் ஏற்றிய நூல் ஒருநாளும் சரிகையாகாது. மாதிரியிலும் வழி அதுதான். பின்பக்கம் பசை தடவிய மெல்லிய உலோகத்தாளைக் கண்ணாடி விளிம்பில் வைத்து, பல்குத்தும் குச்சியால் நீவி, புதிய பிளேடால் ஓரம் வெட்ட வேண்டும். பழைய பிளேடு தாளைக் கிழித்துவிடும்.

எஞ்சினைத் திறந்து காட்ட நினைப்பவர்களுக்கு எட்டு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான எட்டு ஒயர்கள் வேண்டும். அசலில் 7 மில்லிமீட்டர்க் கனம், மாதிரியில் 0.28. தறிக்கடியில் விழுந்து கிடக்கும் பட்டு நூலில் சில இழைகளை முறுக்கி, கறுப்புப் பெயின்டில் நனைத்து, இழுத்துக் கட்டி உலர்த்தினால் அந்தக் கனம் வந்துவிடும். ஒயர்களை இணைப்பதற்கும் வரிசை உண்டு. போண்டியாக்கில் தீப்பொறி 1-8-4-3-6-5-7-2 என்று போகும். பாவில் ஓரிழை மாறினாலும் நெசவாளிக்குத் தெரிந்துவிடுவதுபோல், இதில் ஒன்று மாறினாலும் எஞ்சின் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒழுங்குக்காகவே இந்தக் கலையை நான் மதிக்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் காருக்கு மினுங்காத வெளிர்நிறம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். தெருவில் பாவு நீட்டத் தோதான நாள்தான் இதற்கும் தோதான நாள். ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கும் பசையை உடல் பாகங்களுக்கு வையுங்கள். முன்கண்ணாடிக்கு மட்டும் அதுவும் வேண்டாம், சூப்பர் குளூவும் வேண்டாம். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனிபடர்ந்ததுபோல் மங்கிவிடும். பள்ளிப்பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையே அதற்குப் போதும்.