தொலைந்த சந்திரயானைத் தேடிப்பிடித்த கதை

"ஸ்பேஸ்கிராஃப்ட் தொலைஞ்சுபோனா ரெலஸ்கோப்பால பாத்துக் கண்டுபிடிக்கலாம்தானே?" இப்படி உங்கட பிள்ளையும் கேட்டிருக்கலாம். சந்திரனுக்குப் பக்கத்தில் அது சரிவராது. நிலவு வெளிச்சம் கண்ணைக் கூசும். அதுக்குள்ள ஒரு சின்னப் பெட்டியை எங்க தேடுறது?

சந்திரயான்-1 அப்படியொரு பெட்டிதான். பக்கத்துக்கு ஒன்றரை மீற்றர், அவ்வளவே. 2008 ஒக்ரோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து புறப்பட்டது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக் கிராமத்தில் பிறந்தவர். 2009 ஓகஸ்ட் கடைசியில் தொடர்பு அறுந்துபோனது. அந்த வருசம் ரொறன்ரோவில் எங்கட வீடுகளில வேற செய்திகளுக்காகப் போனடியில காத்திருந்தம். சந்திரனைப் பற்றி ஆர் கதைச்சது?

ஏழு வருசம் கழித்து நாசாவின் ஜேபிஎல் ஆட்கள் அதைத் தேடினார்கள். கலம் செத்துவிட்டது, சத்தமே போடாது. அதனால் நாங்கள்தான் கூப்பிட்டு எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். றேடார் என்பது அதுதான்.

எனக்குப் பிடிச்சது அவர்கள் தேடின விதம். கலத்தைத் துரத்தவே இல்லை. அது துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற கலம். ஒவ்வொரு சுற்றிலும் வட துருவத்தைத் தாண்டியே ஆக வேண்டும். எனவே 2016 யூலை 2 அன்று, அந்தத் துருவத்துக்கு 160 கிலோமீற்றர் மேலே ஒரே இடத்தைக் குறிவைத்து, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில் இருக்கும் 70 மீற்றர் அன்ரெனாவால் மைக்ரோவேவ் கதிரை அனுப்பினார்கள். வாசலில காவல் நிக்கிற மாதிரி! எதிரொலியைப் பிடித்தது மேற்கு வேர்ஜீனியாவின் கிறீன் பாங்க் தொலைநோக்கி. சிக்னல் போய்வர இரண்டரை செக்கன்.

நாலு மணித்தியாலத்தில் ஏதோ ஒன்று இரண்டு தரம் அந்த வாசலைத் தாண்டியது. சந்திரயான் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 2 மணி 8 நிமிடம். இடைவெளி பொருந்தியது. ஆனால் 2009 கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில், அரைச் சுற்றுத் தள்ளி இருந்தது. சந்திரனின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. அதனால் பழைய கணக்கு வருசம் போகப் போகப் பிசகும். பிறகு அரெசிபோவின் றேடாரும் அதைப் பார்த்து உறுதிசெய்தது.

உயிரோடு இருக்கிற கலம் என்றால் வேலை இன்னும் சுகம், கேட்டாலே போதும். 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்கொட் ரில்லி என்ற ஆர்வலர், தன் வீட்டு அன்ரெனாவால் ஸூமா என்ற இரகசிய சற்றலைட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டியது வேறொன்று: 2005 இல் நாசா தொலைத்த இமேஜ். அம்புலன்ஸ் எங்களைக் கடந்து போகேக்க சைரன் சத்தம் மாறுமே, அதே மாதிரி சிக்னலின் அலைவரிசை மாறுகிற விதத்தை வைத்து எந்தக் கலமென்று பிடித்தார். அதே மாதத்தில் நாசாவும் உறுதிப்படுத்தியது.

வீட்டில் செய்துபார்க்க ஆசையென்றால் யூஎஸ்பியில் செருகுகிற ஒரு எஸ்டிஆர் றிசீவரும் சின்ன அன்ரெனாவும் காணும். 145.800 மெகாஹேர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் றேடியோ வரும், ஆனால் எப்பவும் இயங்காது. எங்கட வானத்தை அது கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். நேரத்தை முதலே பார்த்துவைத்து, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பல்கனிக்குப் போங்கோ.