நல்ல துரையா, நியாயமான துரையா?

1941-ஆம் ஆண்டு சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று இன்று படித்தாலும் யோசிக்க வைக்கிறது. துரையோ தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதே அது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு இந்தச் சைக்கிளும் சேர்ந்தே வந்தது.

கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் மாநிலம் முழுவதும் பரவியது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

வணிகவியல் பாடத்தில் தலைமைத்துவம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சைக்கிளைத்தான் நான் முதலில் வகுப்புக்குள் கொண்டு வருவேன். "சார், இதற்கும் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

பணி ஈடுபாடு என்ற சொல்லை மேலாண்மை படிப்பவர்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அதை ஆய்வுக்குரிய பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கான். கோடைக்கால முகாம் ஒன்றிலும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றிலும் பணியாற்றியவர்களைக் கவனித்து, 1990-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். ஒருவர் தம்மை முழுமையாக வேலையில் செலுத்த வேண்டுமானால் மூன்று நிலைமைகள் தேவை என்பது அவர் கண்டது. செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும். மனத்தில் பட்டதைச் சொன்னால் தண்டனை வராது என்ற பாதுகாப்பு வேண்டும். உடலிலும் மனத்திலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டுக் குதித்து ஓரமாக நிற்க வேண்டிய ஒருவர், "ஐயா, நீங்கள் சொல்லும் முறையில் வெட்டினால் மரம் கெட்டுவிடும்" என்று அவரிடம் சொல்வாரா?

மரம் கெடுவது சாதாரண விஷயமல்ல. பால்மரம் வெட்டுவது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். பட்டையைச் சீவிக்கொண்டே போய், உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொடாமல், அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்பே உளியை நிறுத்த வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போதுதான் நட்டம் தெரியும். அதற்குள் மண்டோரும் மாறியிருப்பார், துரையும் மாறியிருப்பார். இருட்டு விலகும் முன்பே நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைத் தனியாக நின்று வெட்டும் ஒருவரை எந்த மேற்பார்வையாலும் மரத்துக்கு மரம் கண்காணிக்க முடியாது. அந்த ஒரு மில்லிமீட்டர் முழுக்க முழுக்க வெட்டுபவரின் மனத்தில்தான் இருக்கிறது.

புக்கிட் ரோத்தானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பாலைக் கொண்டுவந்து நிறுக்கும் இடத்தில்தான் அன்றாடச் சண்டை நடக்கும். தோட்டப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் எடையோடு, பால் எவ்வளவு கெட்டி என்பதையும் அளந்து கணக்கு எழுதுவார்கள். அந்த அளவை வெட்டியவர் பார்க்க முடியாது. கிராணி சொல்வதுதான் கணக்கு. "தண்ணீர் கலக்கிறார்கள்" என்பார் கிராணி. "குறைத்து எழுதுகிறார்" என்பார்கள் வெட்டுபவர்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது.

பிறகு வேறொரு கிராணி வந்தார். சிரித்துப் பேசத் தெரியாத மனிதர். தீபாவளிக்குக்கூட யார் வீட்டுக்கும் வரமாட்டார். ஆனால் அளவைக் கருவியைத் திருப்பி வைத்து, "நீங்களே பாருங்கள்" என்று காட்டிவிட்டுத்தான் எழுதுவார். அன்றைய கணக்கைச் சுவரில் ஒரு பலகையிலும் எழுதிப் போட்டார். எழுத்து தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொன்னோம். சில மாதங்களில் தண்ணீர் கலப்பது நின்றது. தண்டனைக்குப் பயந்து நின்றதாக எனக்குத் தெரியவில்லை. கலந்தவரை மற்றவர்களே திட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மா போன்றவர்கள் பட்டை நோய் கண்ட மரத்தை அடையாளம் வைத்துவிட்டு வந்து தாமாகச் சொன்னார்கள். அதற்குத் தனிக் கூலி எதுவும் கிடையாது.

நம் பெரியவர்களிடம் பேசினால் 'நல்ல துரை' கதைகள் நிறைய கிடைக்கும். பண்டிகைக்கு ஆடு கொடுத்த துரை, கல்யாணத்துக்குக் காரைக் கொடுத்த துரை, தமிழில் பேசிய துரை. தமிழ் பேசுவதில் பெரிய அதிசயம் இல்லை. அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகிகள் தமிழும் மலாயும் கற்றே ஆக வேண்டியிருந்தது. 1905-இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபொகோனியே, வேறொரு தோட்டக்காரரிடம் வேலையோடு இவ்விரு மொழிகளையும் கற்றுக்கொண்டு, பிறகு சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டார். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் அவரால்தான். இங்கிருந்த வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு அவருக்குக் கிடைத்தது. மொழி தெரிந்த துரைகளுக்கு நம் ஊரில் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் கட்டளையிடுவதற்குக் கற்ற மொழி வேறு, குறை கேட்பதற்குக் கற்ற மொழி வேறு.

அறநெறித் தலைமைத்துவம் என்றாலே தயாள குணம் என்று மாணவர்கள் தேர்வுத்தாளில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆடு கொடுப்பது தயவு. கொடுப்பவர் நினைத்தால் அடுத்த ஆண்டு நிறுத்தலாம், கேட்க முடியாது. அளவைக் கருவியைத் திருப்பி வைப்பது நியாயம். அதைத் தொழிலாளி சரிபார்க்கலாம், தவறு இருந்தால் கேட்கலாம். 1941-இல் நம் பாட்டன்கள் எழுதிய பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அதில் தயவு கேட்ட வரி ஒன்றுகூட இல்லை.

துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய கதையும் இதே பக்கம்தான் நிற்கிறது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலம் அது. அமைச்சராக இருந்த அவர், தோட்டம் தோட்டமாகப் போய், சொற்பக் கூலியில் சிறிது சேமித்துப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டது. அன்றாடச் சாப்பாட்டுக்கே கணக்குப் பார்த்த குடும்பங்கள், கண்ணால் பார்க்காத ஒரு தோட்டத்துக்காக ஏன் பணம் கொடுத்தன? கேட்டவர் மேல் நம்பிக்கை இருந்தது. கொடுத்த பணத்துக்குப் பங்கு என்ற உரிமையும் இருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்தச் சங்கம் நிலைத்திருக்காது என்பது என் கருத்து.

இன்று கோலசிலாங்கூர் பக்கம் வந்தால் பால்மரம் அபூர்வம், எங்கும் செம்பனைதான். குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகளோ களக் கண்காணிப்பாளர்களாகவும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களாகவும், மனிதவள அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். அளவைக் கருவி இப்போது நம் கையில். படித்து முடித்ததும் உங்களில் பலர் அங்கேதான் உட்காரப் போகிறீர்கள். இன்னும் சிலர் இந்த ஆண்டே தொழிற்பயிற்சிக்குப் போவீர்கள். போகும் இடத்தில் சுவரில் எழுதிய கொள்கை வாசகத்தைப் படிப்பதோடு, மிகக் குறைந்த சம்பளக்காரர் தம் சம்பளச் சீட்டில் ஒரு கழிவைப் பற்றி யாரிடம் கேட்கிறார், கேட்ட பிறகு என்ன ஆகிறார் என்பதையும் கவனித்து வாருங்கள். பயிற்சி அறிக்கைக்கு அதைவிட நல்ல தரவு கிடைக்காது.

என்னிடம் படித்த ஒருவர் இந்த வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கண்காணிப்பாளர். பழுக்காத குலையை வெட்டினால் கூலியில் பிடிப்பார்கள். எது பழுத்தது என்பதை வெட்டுபவர்தான் மரத்தடியில் அண்ணாந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழுத்த குலையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் அவர்தான் குனிந்து பொறுக்க வேண்டும். உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். புல்லுக்குள் விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது.

"முன்பெல்லாம் பிடித்தம் மாதக் கடைசியில்தான் அவர்களுக்குத் தெரியும், சார். இப்போது எழுதும் முன்பே அந்தக் குலையை வெட்டியவரிடம் காட்டிவிடுகிறேன். சில நேரம் அவர் மறுப்பார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். ஒன்றிரண்டு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது" என்றார்.

உதிரிப் பழம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். கூடியிருக்கிறதாம். நேரம்தான் பத்து நிமிடம் அதிகமாகிறது என்று மேலாளர் முணுமுணுக்கிறாராம்.