விருந்தில் பரிமாறப்படும் வரலாறு

யூதர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் பாஸ்கா பண்டிகையின் இராவிருந்து பசியாறுவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தம் முன்னோர் விடுபட்ட கதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதே அதன் நோக்கமாகும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க மக்களுக்குப் பாஸ்கா என்னும் சொல் புதிதன்று. இயேசுநாதரின் இறுதி இராவுணவும் இப்பண்டிகைக் காலத்திலேயே இடம்பெற்றது.

அவ்விருந்தில் ஒவ்வோர் உணவுக்கும் ஒரு பொருள் உண்டு. புளிக்காத மாவில் சுட்ட தட்டையான அப்பம், மாப் புளிக்கும்வரை காத்திருக்க அவகாசமின்றிப் புறப்பட்டதைச் சொல்லும். கசப்பான கீரை அடிமை வாழ்வின் துயரையும், உப்புநீர் கண்ணீரையும் குறிக்கும். பழங்களும் பருப்புகளும் சேர்த்து மசித்த இனிப்பு, அடிமைகள் கட்டடம் எழுப்பக் குழைத்த சாந்தை நினைவூட்டும். வீட்டின் இளைய பிள்ளை அவ்விரவின் சிறப்பு யாதென வினவ, பெரியோர் விடை கூறுவர். ஒளித்துவைத்த அப்பத்துண்டைப் பிள்ளைகள் தேடிக் கண்டெடுத்துப் பரிசு பெறுவர். அப்பத்தை மூடும் துணிக்குச் சித்திரம் தீட்டும் பணியையும் பல வீடுகளில் அவர்களிடமே விடுவர்.

இத்தகைய செல்வம் நம்மிடமும் உண்டு. குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும், தேங்காய்ச் சொட்டைப் பல்போலச் செருகிப் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். தட்சிணாயனம் தொடங்கும் ஆடி முதல் நாளில், அதாவது ஜூலை நடுப்பகுதியில், அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் கூழ் காய்ச்சுகிறோம். இவை யாவும் நம் வயலும் வளவும் தந்த பொருள்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்திக் கூழ் குடிப்பது பிள்ளைகளின் கைவேலையாகவே இருந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்கென்றே பாடினார். அன்று பாடசாலைக்கு விடுமுறை தரும் நாளாயிருந்த ஆடிப்பிறப்பு, இன்று வேலை நாளாகிவிட்டது.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின்னரும் வடக்கிலிருந்து பலர் தலைநகருக்கு வந்து சேர்ந்தனர். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளரும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குப் பனந்தோப்பு படத்தில் காணும் காட்சியே. கூழ் இன்றைக்கு ஏன் என்று பிள்ளை கேட்டால், பெற்றோர் பலர் "அது வழக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். விளக்கம் இல்லாத வழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பது அரிது. நாடிழந்து பல நூற்றாண்டுகள் சிதறி வாழ்ந்த யூதர்கள், பிள்ளைகளின் வினாவை விருந்தின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்டனர் என்பது நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காலி வீதிக் கடைகளிற் பனங்கட்டி கிடைக்கிறது. பலாவிலை கொழும்பிலும் அரிதன்று. வரும் ஆடிப்பிறப்பன்று கொழுக்கட்டையின் விளிம்பை அழுத்தும் வேலையையும் இலை கோலும் வேலையையும் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். பனங்கட்டி எந்த மரத்திலிருந்து வருகிறது, பாட்டனார் வாழ்ந்த ஊர் எது என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டேனும் நின்று பதில் சொல்வோம்.