அட்டைக்குள் அமர்ந்த காவலன்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே அரபிக்கடலின் ஓரத்தில் உள்ள விழிஞ்ஞம் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. ஆய் வேளிரின் துறைமுகமாக விளங்கிய அவ்வூரைப் பாண்டியரும் சோழரும் போரிட்டுக் கைக்கொண்டனர் என்று செப்பேடுகள் கூறுகின்றன. 2025 மே 2 அன்று அங்கே மாபெரும் சரக்குத் துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு அருகிலேயே, தலைமுறை தலைமுறையாகக் கடலையே வயலாகக் கொண்ட மீனவரின் படகுகளும் அணிவகுத்து நிற்கின்றன. அம்மீனவரை முன்னிட்டு ஒரு விஞ்ஞானச் செய்தியை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல் வழியாகவே வந்தனர். ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதிலேயே கரையை நெருங்கினர். அதன் பின்னர், கடலிற் செல்வோர் யார் யார் என்பதை அறிய வேண்டிய அவசியம் எழுந்தது. கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட கடலோர மாநிலங்களின் மீனவர்க்குக் கைரேகை முதலிய உடலடையாளங்கள் பதிந்த அட்டைகளை வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2009-இல் மேற்கொண்டது.

இங்கேதான் ஒரு சிக்கல் பிறக்கிறது. கரையிலிருந்து பல மைல் தொலைவில், தொலைபேசி அலையும் எட்டாத இடத்தில், ரோந்துப் படகொன்று மீன்பிடிப் படகை நிறுத்துகிறது. அதிகாரியின் கையில் அட்டை படிக்கும் கருவி மட்டுமே உண்டு. தலைநகரிலுள்ள ஏடுகளைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. நீட்டப்பட்ட அட்டை மெய்யா, போலியா? தவறாகப் போலியென்று முடிவு செய்தால் ஓர் ஏழைத் தொழிலாளியின் அன்றைய பிழைப்பும் மானமும் போகும். தவறாக மெய்யென்று விட்டாலோ நாட்டிற்கே கேடு. ஆகவே அந்த அட்டை தன்னைத் தானே மெய்ப்பிக்க வல்லதாக இருத்தல் வேண்டும்.

அதற்கு உரிய கருவியே ஸ்மார்ட் கார்டு. பிரெஞ்சு நாட்டு ரோலாண் மொரேனோ 1974-இல் காப்புரிமை பெற்ற கருத்தும், அதற்கு முன்பே ஜெர்மானியர் இருவர் கொண்ட எண்ணமும் இதன் வித்துக்கள். அட்டையில் மின்னும் பொன்னிறத் தகட்டின் அடியில் ஒரு சிறு கணிப்பொறியே அடங்கியிருக்கிறது. அதன் நினைவகத்தில் இரகசியத் திறவுகோல் ஒன்று வைக்கப்படுகிறது. அந்தத் திறவுகோல் ஒருபோதும் வெளியே வரலாகாது என்பதே இக்கலையின் முதல் விதி.

வெளியே வராத ஒன்றை எப்படிச் சோதிப்பது? கருவி ஓர் எண்ணை எழுந்தமானமாகத் தெரிந்து அட்டைக்கு அனுப்புகிறது. அட்டை அதைத் தன் திறவுகோலோடு சேர்த்துக் கணித்து விடையை மட்டும் திருப்புகிறது. விடை சரியா என்பதை அதற்கு இணையான பகிரங்கத் திறவுகோலைக் கொண்டு கருவி அறிந்துகொள்ளும். அந்தப் பகிரங்கத் திறவுகோலில் அரசின் ஒப்பமும் இருக்கும். ஒவ்வொரு முறையும் கேள்வி மாறுவதால் நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு இன்று பயனில்லை. ஆதார் அட்டையில் அச்சிட்ட சதுரக் கோலத்திலும் மின் ஒப்பம் உண்டு. அதில் உள்ள விவரத்தை ஒருவரும் திருத்த இயலாது. ஆனால் அதைப் படியெடுத்தால் படியும் மூலமும் ஒன்றே. கேள்விக்கு விடை சொல்லும் அட்டையையோ எளிதிற் படியெடுக்க முடியாது.

இவ்வளவும் கணிதம் தரும் வலிமை. அதைக் காப்பதும் கெடுப்பதும் நிரல் எழுதுவோரின் கையில் இருக்கிறது. ஓர் உதாரணம் காண்போம். இரகசிய எண்ணை மூன்று முறை தவறாகச் சொன்னால் அட்டை தன்னைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என வைத்துக்கொள்வோம். எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, தவறானால் ஒரு வாய்ப்பைக் குறைப்பதே இயல்பு என்று தோன்றும். ஆனால் அட்டைக்குச் சொந்த மின்கலம் இல்லை; கருவி தரும் மின்சாரமே அதன் உயிர். தவறு என்று தெரிந்த கணமே திருடன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் வாய்ப்பு குறையாது. அவன் ஆயிரம் முறையும் முயலலாம். ஆகவே முதலில் வாய்ப்பைக் குறைத்து எழுதிவிட்டு, பிறகே ஒப்பிட வேண்டும். எண் சரியாயின் குறைத்ததை மீட்டுக் கொடுக்கலாம். இரண்டு கட்டளைகளின் முன்பின் வரிசையிலேயே பாதுகாப்பு முழுவதும் தங்கியிருப்பது காண்க!

இன்னும் நுட்பமான வழிகளும் உண்டு. கணக்கிட அட்டை எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே திறவுகோலை அறியலாம் என்று அமெரிக்க அறிஞர் பால் கோச்சர் 1996-இல் காட்டினார். அது உட்கொள்ளும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்விலிருந்தும் அறியலாம் என்பதை அவரும் துணைவரும் சில ஆண்டுகளில் நிறுவினர். எனவே நல்ல நிரல், எவ்விடை வரினும் ஒரே கால அளவில் இயங்க வேண்டும்; தன் முகக்குறிப்பால் உள்ளத்தைக் காட்டிக்கொடாத தூதனைப் போல.

பிழை நேர்ந்தால் விளைவு சிறிதன்று. பல நாடுகளின் பயணச்சீட்டு அட்டைகளில் இருந்த ‘மைஃபேர் கிளாசிக்’ சில்லின் மறைமுறையை அதன் உற்பத்தியாளர் வெளியிடாமலே வைத்திருந்தனர். 2008-இல் அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்து உடைத்தனர். முறையை உலகறிய வைத்து, திறவுகோலை மட்டும் மறைப்பதே சிறந்தது என்ற பழைய பாடம் மீண்டும் உறுதிப்பட்டது. 2017-இல் எஸ்தோனியாவில் சுமார் 7,60,000 அடையாள அட்டைகள் ஐயத்திற்கு உள்ளாயின. அச்சில்லின் நிரல் திறவுகோல்களை உண்டாக்கக் கையாண்ட குறுக்குவழியே காரணம். அந்நாடு அவற்றின் மின்சான்றிதழ்களை நிறுத்திப் புதுப்பிக்க நேர்ந்தது.

இத்துறையில் நம் நாடும் வாளாவிருக்கவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து ‘ஸ்கோஸ்டா’ என்னும் அட்டை இயக்கமுறையை வகுத்தன. ஓட்டுநர் உரிமத்திற்கென எழுந்த அம்முறை பின்னர் வேறு அரசு அட்டைகளுக்கும் பயன்பட்டது. விதிகள் வெளிப்படையாக இருந்தமையால், ஒரே வெளிநாட்டு நிறுவனத்தை நம்பியிராமல் பல நிறுவனங்களிடம் அட்டை பெற வழி பிறந்தது.

வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இன்று இத்தகைய சில்லுகள் பல உள்ளன: கைப்பேசியின் சிம் அட்டை, வங்கி அட்டை, 2024 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கி இந்தியாவில் வழங்கப்பட்டுவரும் மின் கடவுச்சீட்டு. ஊருக்குப் பணம் அனுப்பும்போதும் எல்லை கடக்கும்போதும் நமக்காகச் சாட்சி சொல்வன இவையே. உள்ளிருக்கும் காவலன் தன் இரகசியத்தை உடைமையாளரான நம்மிடங்கூடச் சொல்வதில்லை. அவ்வாறிருக்க, நம் இரகசிய எண்ணைத் தொலைபேசியில் கேட்கும் எவர்க்கும் நாம் சொல்லுதல் தகுமோ? கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் இக்கலையைக் கற்பாராயின், நடுக்கடலில் அட்டையை நீட்டும் ஓர் எளிய மீனவரின் மானமும் தாம் எழுதும் ஒவ்வொரு வரியில் அடங்கியிருப்பதை நினைவிற் கொள்வார்களாக.