மரக்கன்றுக்குப் பணம் உண்டு, அதைக் காப்பவருக்கு?

தலவாக்கலை நகரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவது தேயிலைதான். தேயிலைக்கு நடுவே வரிசையாகக் கிரவிலியா, மலையுச்சியில் யூக்கலிப்டஸ். இரண்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இந்த மண்ணுக்கே உரிய மரம் எங்கே என்று தேடினால், ஓடை இறங்கும் பள்ளங்களிலும், கோயில் வளவிலும், எமது பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியின் தலைமாட்டிலும் ஒன்றிரண்டு தப்பி நிற்கும்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக இக்காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் கோப்பி நின்ற இடத்தைத் தேயிலை பிடித்தது. 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. அதனால்தான் சிவனொளிபாதமலையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் காடு எஞ்சியது. தலவாக்கலையோ ஏறத்தாழ 4,000 அடியில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர்கள் நாம்.

காடு போனாலும் விலங்குகள் போய்விடவில்லை

எமது மலைகளில் சிறுத்தை இன்றும் உண்டு. அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் அமைப்பு, டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் தானியங்கிக் கமராக்களைப் பொருத்தி ஆய்வு செய்து வருகிறது. தோட்டங்களுக்குள் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளும் பள்ளத்தாக்குகளும் சிறுத்தைக்கு மறைவிடமாகவும் பாதையாகவும் உதவுகின்றன. அந்த மறைவு அழிந்தால் அது லயத்துப் பக்கம்தான் நடக்க வேண்டும்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அபூர்வமான கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கியது. காப்பாற்ற எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. சில நாட்களில் அது இறந்தது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. ஒரே இரவில் காய்கறிப் பாத்தியை இழக்கும் குடும்பத்தின் வேதனையை அறியாமல் சுருக்கு வைத்தவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. சிறுத்தைக்கு இடமும் வேண்டும்; ஏழையின் பாத்திக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

வால்பாறை தரும் பாடம்

எம்மைப் போலவே தேயிலையும் லயமும் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளரும் உள்ள இடம், தமிழ்நாட்டின் ஆனைமலையில் இருக்கும் வால்பாறை. அங்கு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் சுமார் 2000ஆம் ஆண்டிலிருந்து தோட்டக் கம்பனிகளுடன் உடன்பாடு செய்துகொண்டு, சிதைந்த காட்டுத் துண்டுகளை மீட்டு வருகின்றனர். விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நாற்றுமேடையில் வளர்த்து, பருவமழை தொடங்கியதும் நடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மரவகைகள் இவ்வாறு வளர்க்கப்படுகின்றன.

அங்கு செய்த வேலையைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. சும்மா விட்ட இடங்களைவிட, களை அகற்றி நட்டுப் பராமரித்த இடங்கள் விரைவாகக் காடாகின்றன என்று அது காட்டியது. எமக்கு வேண்டிய பாடம் இதுதான்: நடுவது ஒரு நாள் வேலை, காப்பது பல ஆண்டு வேலை.

நிதி எங்கே தடைப்படுகிறது?

நிதியே இல்லை என்று சொல்ல முடியாது. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு நன்கொடைத் திட்டம் 1992இல் ஆரம்பமானது. இலங்கையில் 1994 முதல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடைபெற்றுவந்துள்ளது. அது தனிநபருக்கு அல்ல, சமூக அமைப்புகளுக்கே உதவுவது. ஒரு கருத்திட்டத்துக்கு 50,000 டொலர் என்பது நெடுங்காலம் அதன் உச்ச வரம்பாக இருந்தது.

ஆனால் தோட்ட மக்களுக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது நிலம். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசுக்கே சொந்தம், கம்பனிக்குக் குத்தகை. பல வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்குக் கிடைத்தது 7 பேர்ச், அதாவது சுமார் 177 சதுர மீற்றர். அதிலே வீடு போக, ஒரு கறிவேப்பிலையும் கொய்யாவும் வைக்கலாம். காடு வைக்க முடியாது. உறுதிப்பத்திரம் கையில் இல்லாத குடும்பங்களும் ஏராளம். இரண்டாவது, கணக்கு. எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது; எத்தனை பிழைத்தன என்று கேட்பவர் குறைவு. படம் எடுத்துக்கொண்டு போன பிறகு கன்றைக் களை மூடுகிறது, மாடு மேய்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே மாதர் சங்கமோ இளைஞர் குழுவோ விண்ணப்பம் எழுதும்போது சில விடயங்களை உறுதியாகச் சேர்க்க வேண்டும்.

முதலில், பீலி ஊற்றுகளையும் ஓடைக் கரைகளையும் கம்பனி எழுத்து மூலம் ஒதுக்கித் தர வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, துரை மாறினால் பேச்சும் மாறும்.

அடுத்து, நாற்றுமேடை தோட்டத்திலேயே அமையட்டும். கீன, பொம்பு, காட்டுச் சண்பகம், அத்தி வகைகள் போன்றவற்றின் விதையை எமது மக்களே சேகரித்து, பொலித்தீன் பையில் வளர்த்து, கன்றுக்கு விலை பெறட்டும்.

நிதியில் ஒரு பங்கு மூன்று ஆண்டுப் பராமரிப்புக் கூலிக்கென முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். பிழைத்த கன்றுகளை ஆண்டுதோறும் எண்ணி, அதன்படி கூலி வழங்கலாம்.

“பழமரம் வைத்தால் குரங்கும் பன்றியும் வராதா?” என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. எனவே லயத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் அருகே வேண்டாம். பள்ளங்களிலும் ஊற்றுத் தலைகளிலும் நடுவோம். பாத்திக்கு வேலி அமைக்கும் செலவும் அதே கருத்திட்டத்தில் இடம்பெறட்டும். சுருக்குக் கம்பியைக் கைவிடச் சொல்ல அதன் பின்னரே எமக்கு உரிமை உண்டு.

மனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன் அவனுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார் என்று தொடக்கநூல் சொல்கிறது: பண்படுத்துவதும் காப்பதும். எமது மக்கள் இரண்டு நூற்றாண்டுகளாக முதல் வேலையை முதுகு வளையச் செய்துவிட்டார்கள். நிலத்தின் துயரையும் ஏழையின் துயரையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் கற்பித்தார். அப்படியானால் இரண்டாவது வேலையை அவர்கள் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கலாகாது. அதற்குரிய கூலியுடன் அது அவர்கள் கையில் ஒப்படைக்கப்படட்டும்.