வகுப்பறையில் ஒரு வாக்குச்சாவடி



இரகசிய வாக்குப்பதிவு என்னும் சொற்றொடரை நெட்டுருச் செய்து ஒப்புவிக்கும் மாணவர் பலர். இரகசியம் எதற்கு என்று வினவினால் விழிப்பார்கள். ஆதலின், வகுப்பையே ஒரு தொகுதியாக்கித் தேர்தல் நடத்துவதை நான் வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

முதலில் கையுயர்த்தச் சொல்வேன். ஒருமுறை, 42 பேர் பயின்ற வகுப்பில், ஊர்ப் பெரியதனக்காரர் மகனுக்கு 31 கைகள் உயர்ந்தன. அவற்றுள் சில, பக்கத்துக் கையைப் பார்த்த பின்னர் உயர்ந்தவை. மறுநாள் அதே மூன்று வேட்பாளருக்கும் மறைவில் வாக்களிக்கச் செய்தேன். அவன் பெற்றவை 12. நான் விளக்கம் எதுவும் கூறவில்லை. இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதியதோடு சரி.

அம்மறைவுத் தேர்தலை, 1951–52ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் நடந்த முறையிலேயே நடத்தினோம். அன்று ஏறத்தாழ 17 கோடி வாக்காளர். எழுத்தறியாதார் மிகப் பலர். எனவே, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வாக்காளர் திரைக்குப் பின்னே சென்று, விரும்பியவர் பெட்டியில் சீட்டை இட்டு மீள்வார். (வாக்களிக்கும் வயது அன்று 21, 18 ஆனது 1989இல்தான்.) எங்களுக்குச் சுண்ணக்கட்டிப் பெட்டிகள் மூன்று போதுமாயின.

எண்ணியபோது ஒரு சிக்கல். கொடுத்த சீட்டுகள் 42. பெட்டிகளில் இருந்தவை 41! சற்று நேரங்கழித்து ஒரு சிறுவன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். "ஐயா, இதை இவன் வெளியே விற்றிருந்தால், வாங்கியவன் இரண்டு சீட்டு இட்டிருப்பானே!" என்றான் மற்றொருவன். அம்முறையின் ஓட்டை அதுவே. பெட்டிகள் மறைவுக்குள் இருந்தமையால், சீட்டு பெட்டியில் விழுந்ததா என்பதை அலுவலர் காண இயலாது. 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பரவலாக வந்த முறையிலோ, மறைவில் முத்திரை குத்தி, அலுவலர் கண்ணெதிரே உள்ள பொதுப் பெட்டியில் சீட்டை இடவேண்டும். பிற்காலத்தில் இயந்திரம் வந்தது. மறைப்பு மட்டும் நீங்கவில்லை.

வேறோர் ஆண்டு இருவர் சமவாக்குப் பெற்றனர். அந்நிலையில் சீட்டுக் குலுக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். உடனே ஒருவன் உத்திரமேரூரைக் குறிப்பிட்டான். விடுவேனா? முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) கூறும் குடவோலை முறையையும் ஆடிப் பார்த்தோம். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் ஓலைகள் வரும். அவற்றைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர்தம் உறவினர் பெயரும் குடம் புகா. இதைக் கேட்டு வகுப்பு ஆரவாரித்தது. ஆனால் வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளும் உண்டே! ஒவ்வொருவருக்கும் வயது, நிலம், கல்வி குறித்த அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தேன். அட்டைகளைச் சரிபார்த்தபோது, குடத்தில் பெயரிடத் தகுதியுற்றவர் மூவரே. ஏனையோர் சுவரோரம் நின்றனர். ஆரவாரித்த வகுப்பு அன்று மணியடிக்கும்வரை என்னோடு வாதிட்டுக்கொண்டிருந்தது.