மணலை மறந்த விரல்கள்

சில ஆண்டுகளுக்கு முன், வடசென்னைத் துறைமுகத்தை அடுத்த பங்கு ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை வேளையில் ஒரு தாய் தம் எட்டு வயது மகனுடன் என்னைக் காண வந்தார். தந்தை சரக்கேற்றும் தொழிலாளி. தாய் இறால் உரிக்கும் வேலை செய்பவர். மறைக்கல்வி வகுப்பில் அச்சிறுவன் எழுதிய விடைகள் எவராலும் படிக்க இயலாதவையாக இருந்தமையால், "இவனுக்குப் புதுநன்மை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். பள்ளியிலும் அவனுக்குக் கடைசி வரிசைதான். 'சோம்பேறி' என்பது அவனுக்கு இரண்டாம் பெயராகவே ஆகிவிட்டிருந்தது.

"ஃபாதர், இவன் சோம்பேறி இல்ல. எழுதச் சொன்னா கை வலிக்குதுன்னு அழுறான். வாயால கேளுங்க, எல்லாம் சொல்லுவான்" என்றார் அத்தாய்.

கேட்டேன். தடங்கலின்றிச் சொன்னான். அவ்வளவு நாளும் நான் அளந்து பார்த்தது அவனது அறிவை அன்று, அவன் விரல்களின் வலிமையை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இப்பிழையை நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் நாம் நாள்தோறும் செய்துவருகிறோம். ஆகவே இதைப் பற்றிப் பெற்றோரிடம் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

எழுத்துக்கு முன் உடல்

அவ்வாண்டில் அவன் பள்ளிக்கு இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து சென்றார். அவர் சிறுவனின் நோட்டுப் புத்தகத்தை முதலில் பார்க்கவில்லை. குனிந்து மேசையின் அடியில் பார்த்தார். அவன் கால்கள் தரையைத் தொடாமல் ஊசலாடின. கால் ஊன்றாத பிள்ளையின் இடுப்பு நிலைகொள்ளாது. இடுப்பு நிலைகொள்ளாவிட்டால் தோள் உறுதிப்படாது. தோள் உறுதியில்லாதபோது மணிக்கட்டும் விரலும் தம் வேலையைச் செய்ய இயலாது. முதல் மருந்தாக அவர் கொடுத்தது காலடியில் வைக்க இரண்டு செங்கற்களே.

மனித மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்புகளாகவே இருக்கும். ஒவ்வொன்றாக இறுகி, ஏறத்தாழ ஏழு வயதளவில்தான் ஏழு எலும்புகள் உருப்பெறும். எட்டாவது எலும்பு இறுகுவதற்கு ஒன்பது வயதுக்கு மேலும் ஆகலாம். குழந்தை மூன்று வயதளவில் வட்டம் வரையும். நான்கில் கூட்டல் குறி போடும். ஐந்தை ஒட்டி முக்கோணம் வரையும். எழுதுகோலை மூன்று விரல்களால் பிடிக்கும் முறை நான்கு முதல் ஆறு வயதுக்குள் சிறிது சிறிதாக அமைகிறது. உண்மை இவ்வாறிருக்க, மூன்றரை வயதுக் குழந்தையைப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது, முளைத்த அன்றே செடியில் காய் பறிக்க முயல்வதை ஒக்கும்.

சென்னையிலிருந்து சென்ற மணற்பாடம்

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் தொட்டது எழுத்தாணியை அன்று, மணலை. 1789-ஆம் ஆண்டு எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், ஒரு நாள் காலையில் குதிரையில் செல்லும்போது, நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்திலும் நடைமுறைப்படுத்தினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் மேல்நாடுகளிலும் பரவிற்று.

நூறாண்டு கழிந்து, உரோமை நகரில் மரிய மொந்தெசோரி என்னும் பெண் மருத்துவர், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைக் கைகளின் வழியே கற்பிக்கத் தொடங்கினார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் ஆய்வுகளை அவர் தம் கையாலேயே எழுதிப் படித்தவர். அவரிடம் பயின்ற பிள்ளைகளுள் சிலர், மற்றப் பிள்ளைகளுடன் பொதுத் தேர்வு எழுதித் தேறினர். 1907-இல் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளின்மேல் விரலை ஓட்டுவது, பொத்தான் போடுவது, நீர் ஊற்றுவது ஆகியவையே அங்குப் பாடங்கள். அவ்வம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார்.

பிற்காலத்தில் ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்கச் சிகிச்சையாளர் இதற்கு மேலும் ஒரு விளக்கம் தந்தார். தொடு உணர்வு, உடலின் சமநிலையை அறியும் உணர்வு, தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் மூளையில் ஒழுங்காக இணைந்தால்தான் பிள்ளை அமைதியாக அமர்ந்து கவனிக்க முடியும் என்பது அவர் கருத்து. ஓயாமல் எழுந்து ஓடும் பிள்ளை பல வேளைகளில் அடம் பிடிப்பதில்லை. தன் உடல் கேட்கும் உணர்வைத் தேடிக்கொண்டிருக்கிறது.

மணல் போன கரை

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அத்தகைய அனுபவம் எங்கே கிடைக்கிறது? 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலில் நீண்ட சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வந்த மணல் தடுக்கப்பட்டு மெரினாவில் குவிந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரையைக் கடல் அரித்தது. இன்று அங்கே நீண்ட தூரத்திற்குக் கருங்கல் தடுப்புகளையே காண்கிறோம். கரையில் மணல் இல்லை. தெருவில் கன்டெய்னர் லாரிகள். பெற்றோர் இரவு 'ஷிப்ட்' முடித்து உறங்கும் ஒற்றை அறையில், பிள்ளையின் கையில் கைப்பேசி. அவனது விரல் கண்ணாடியின்மேல் வழுக்கிச் செல்லக் கற்கிறது. அழுத்தவும் பிசையவும் முறுக்கவும் கற்பதில்லை.

வேறோர் இடரும் உண்டு. சென்னை நகரில் மூன்று முதல் ஏழு வயது வரையான எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் 2009-இலும் 2011-இலும் வெளியாயின. இரத்தத்தில் காரீயம் மிகுந்த பிள்ளைகளிடம் கவனக் குறைவும், கண்ணும் கையும் இணைந்து செயல்படுவதில் தளர்ச்சியும் மிகுதியாகக் காணப்பட்டன என்று அவை கூறுகின்றன. பழைய பாட்டரிகளை வீட்டருகே உடைப்பதும் உருக்குவதும் கூடாது. உண்ணுமுன் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வற்புறுத்துங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஸ்பாஸ்டிக் குழந்தைகளுக்கென 1981-இல் தொடங்கிய தமிழ்நாடு சங்கம் தரமணியில். 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். 2005-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் முட்டுக்காட்டில். மூன்றும் நகரின் தென்புறத்தில் உள்ளவை. எண்ணூரிலிருந்து முட்டுக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து வாரந்தோறும் அங்குச் செல்ல எத்தனை தாய்மாரால் இயலும்? ஆகவே பயிற்சி பள்ளிக்கும் வீட்டிற்கும் வந்தாக வேண்டும். அந்த இயன்முறை மருத்துவரிடம் நான் கற்றவற்றுள் சிலவற்றைத் தருகிறேன். எதற்கும் பணம் தேவையில்லை.

ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, பிள்ளையை ஆட்காட்டி விரலால் எழுதச் செய்யுங்கள். தவறினால் தட்டை அசைத்தால் போதும். அழித்த தழும்பு இராது, திட்டும் வேண்டாம்.

முழுச் சாக்குக்கட்டியை விட ஒடிந்த துண்டே சிறந்தது. துண்டு சிறிதாயின் பிள்ளை அதைக் கைமுட்டியால் பற்ற முடியாது. மூன்று விரல்களால் பிடித்தே தீரவேண்டும். சுவரில் கண்மட்டத்தில் எழுதினால் தோளும் மணிக்கட்டும் வலுப்பெறும்.

சப்பாத்தி மாவு பிசையட்டும். துவைத்த துணிக்குக் 'கிளிப்' போடட்டும். வலை சீர்செய்யும் தந்தையின் அருகே அமர்ந்து தடித்த கயிற்றில் முடிச்சுப் போடப் பழகட்டும். பல்லாங்குழியில் சோழிகளை உள்ளங்கையில் அடக்கி ஒவ்வொன்றாக இடும்போது விரலும் கணக்கும் ஒருங்கே வளர்கின்றன. பாண்டி ஆட்டம் ஒற்றைக்காலில் சமநிலையைக் கற்பிக்கிறது.

அமர மாட்டாத பிள்ளைக்கு, வகுப்பு தொடங்குமுன் தாங்கக்கூடிய அளவு பளுவான வேலை கொடுங்கள்: அரைக்குடம் தண்ணீர் தூக்குதல், புத்தகக் கட்டைச் சுமத்தல், பெஞ்சைத் தள்ளுதல். என் மறைக்கல்வி வகுப்பில் பாட்டுப் புத்தகங்களைச் சுமந்து வந்து அடுக்கும் பொறுப்பு, மிகவும் துள்ளுகிற சிறுவர்களுக்கே உரியது. அதன்பின் பலர் அமைதியாக அமர்வதைக் கண்டிருக்கிறேன்.

எப்போது மருத்துவரை நாடுவது?

எல்லாத் தாமதமும் விளையாட்டால் தீர்வதன்று. ஒன்பது மாதமாகியும் பிடிப்பின்றி உட்காராமை, பதினெட்டு மாதமாகியும் நடவாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராதீர்கள். "அவன் அப்பாவும் மெதுவாகத்தான் பேசினார்" என்னும் ஆறுதல் ஆபத்தானது. ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவு நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் வளர்ச்சித் தாமதம் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையான ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகக் கற்கும் உரிமையை அளிக்கிறது. இது சலுகை அன்று. சட்டம் தந்த உரிமை. கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

அச்சிறுவனின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அவ்வாண்டே, கேள்விகளுக்கு வாயால் விடை சொல்லி, தன் தோழர்களுடன் புதுநன்மை பெற்றான். எழுத்து உடனே வந்துவிடவில்லை. ஏறத்தாழ ஓர் ஆண்டு மணலிலும் சுவரிலும் எழுதினான். பின்னர் ஒரு ஞாயிறன்று, கோணலாயினும் படிக்கத்தக்க முறையில் தன் பெயரை எழுதிய தாளை என்னிடம் நீட்டினான். இன்றும் அவன் எழுத்து அழகானதன்று. எழுத அவனுக்கு மற்றவர்களை விட நேரம் கூடுதலாகவே வேண்டும். ஆனால் அவனை எவரும் சோம்பேறி என்று அழைப்பதில்லை.

பெற்றோரே, ஆசிரியர்களே! அடுத்த முறை ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு சினம் எழும்போது, சற்றே குனிந்து அவன் கால்கள் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவன் கையைப் பற்றி, "வலிக்கிறதா?" என்று கேளுங்கள். தண்டனையை அதன் பின்னர் யோசிக்கலாம். பெரும்பாலும் அது தேவைப்படாது.